வெயிலில் அரக்காகிப்போன கறுப்புப் புடவை

பட்டுப்புடவையைப் படம் எடுக்கிற தொழிலில் யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணை மூடிவிட்டார்கள் என்று மறுபடி எடுக்க வேண்டியதில்லை, நிறம் மட்டும் சரியாக வந்தால் போதும். ஆரணியில் நெசவு முதலாளிகளின் வாட்ஸ்அப் விற்பனைக்காக ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் படத்தில் இருக்கும் நிறம்தான் பார்சலிலும் இருக்கும் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஓர் இலவச ரிப்பேர் ஆட்டிப் பார்த்துவிட்டது. சரிசெய்யக் கொடுத்த பொருள் பழைய கோளாறை விட்டுவிட்டுப் புதுக் கோளாறோடு வீடு திரும்பிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் வருகிறேன்.

புள்ளி போச்சு

எந்தப் படம் எடுத்தாலும் வலது ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரண்டி முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணமங்கலம் வழியாக வேலூர் போய் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடிக்கு அடியில் தூசி என்றார்கள். பத்து நாளில் திரும்பக் கிடைத்தது. அங்கேயே வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தேன், புள்ளியைக் காணோம். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவர்கள் நீட்டிய பேப்பரில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் சொன்னார்: "இனிமே ஒரு பிரச்சினையும் வராதுங்க மேடம். எல்லாத்தையும் பிரிச்சு சுத்தமா துடைச்சுட்டோம்."

நம்பர் சரி, நிறம் தப்பு

எனக்கு வரும் வேலையில் முக்கால்வாசி தணிகாசலம் அண்ணன் கொடுப்பது. பத்துத் தறிக்குச் சொந்தக்காரர். ட்யூப்லைட்டில் பார்க்கும் நிறத்தை அவர் நம்பவே மாட்டார். எந்தப் புடவையானாலும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் காலை வெயிலில் விரித்துத்தான் படம் எடுக்க வேண்டும். அன்றைக்கு நாற்பது புடவை. வெயிலில் கேமராத் திரையில் ஒன்றும் தெரியாது. எடுத்ததை அப்படியே அவர் போனுக்கு அனுப்பினேன், அவரும் நம்பர் போட்டு அப்படியே குரூப்பில் போட்டுவிட்டார். நிறத்தைச் சரிபார்க்கும் வழக்கமே எங்களுக்குள் இல்லை, அவ்வளவு நம்பிக்கை!

வந்தவாசியில் ஒரு குடும்பம், மகள் நிச்சயதார்த்தத்துக்கென்று பதினேழாம் நம்பர் அரக்குப் புடவையைக் கேட்டார்கள். நம்பரைப் பார்த்துப் பார்சல் போனது. பிரித்தால் கறுப்பு. பெண்ணின் அம்மா போன் செய்தபோது அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டு என் பக்கம் நீட்டினார்.

"நல்ல காரியத்துக்குக் கேட்டா கறுப்புப் பொடவைய அனுப்பிகிறீங்களே, எங்க மேல இன்னாங்க கோவம் உங்களுக்கு?"

குடையும் டயரும்

அண்ணன் கத்தவில்லை. "ரொம்ப பேஜாராப் பூடுச்சும்மா. அடுத்த முகூர்த்தத்துக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா நான் வேற ஆளுதான் பாக்கணும்" என்றார். கத்தியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அழுது முடித்ததும் ஒரு சந்தேகம் குடைய ஆரம்பித்தது: மற்ற நிறமெல்லாம் சரியாகத்தானே வந்தது, ஏன் கறுப்பு மட்டும்?

திரும்பி வந்த புடவையை வீட்டுக்குள் ட்யூப்லைட்டில் எடுத்தேன். நல்ல கறுப்பு. மாடியில் வெயிலில் எடுத்தேன். அரக்கு. குடையை எடுத்தேன், அதுவும் அரக்கு. மொபெட் டயர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. பக்கத்து வீட்டு முருங்கை இலை சாம்பல் பூசின மாதிரி வந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, வீட்டில் இருந்த கறுப்புச் சாமானையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டேன். கடைசியாக என் கணவரைக் கறுப்பு பேண்ட்டோடு நிற்க வைத்தேன். அவர் வேலைக்குப் போகிற அவசரம்.

"இது கறுப்புன்னு நான் சொன்னா போதாதா, கேமராவும் ஒத்துக்கணுமா?"

உள்ளே ஒரு நிறம்

வாரண்டி முடிய நான்கு நாள் இருக்கும்போது புடவையோடு மறுபடி வேலூர். டெக்னீஷியன் ஒரு நிற அட்டையை மாட்டிப் படம் எடுத்தார். அச்சு அசலாக வந்தது. நான் புடவையைக் கவுண்டரில் விரித்தேன். படத்தில் அதுவும் கறுப்பாகவே வந்து என் மானத்தை வாங்கியது. வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நீங்களும் எங்காவது வாங்கியிருப்பீர்கள்.

அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "கேமரா நல்லாதான் இருக்கு மேடம். புடவைக்குச் சாயம் போட்டவங்களக் கேட்டுப் பாருங்களேன்."

வெளியே ஒரு நிறம்

"ஒரு நிமிஷம் ரோட்டுக்கு வாங்க சார்" என்றேன். வர மனமில்லை அவருக்கு. ஆனாலும் வந்தார். போட்டிருந்தது கம்பெனி கொடுத்த கறுப்பு டீ-ஷர்ட். வெயிலில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, கையால் நிழல் கட்டித் திரையைக் காட்டினேன். அரக்கு டீ-ஷர்ட்டில் அவர் முழித்துக்கொண்டிருந்தார். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார்.

உள்ளே போய்ப் பிரித்ததில் விஷயம் தெரிந்தது. வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியும் இருக்கிறதாம். கேமராவின் கண்ணுக்கு அது தெரிந்துவிடும் என்பதால், அதைத் தடுக்க ஒரு மெல்லிய கண்ணாடி வைத்திருப்பார்களாம். தூசி துடைக்கக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப வைக்கவில்லை. அவர்களுடைய லைட்டில் அந்த ஒளியே கிடையாது, பிறகு எப்படித் தெரியும்? கண்ணாடியை மாட்டிக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நாங்க காலைல உள்ள நுழைஞ்சா பொழுது சாஞ்சுதான் மேடம் வெளிய வர்றோம். வெயில்ல யாரு டெஸ்ட் பண்றாங்க?"

பதினேழாம் நம்பர்

கேமரா சரியான செய்தியோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. வந்தவாசி அம்மா வேறெந்தப் புடவையையும் ஏற்கவில்லையாம், படத்தில் பார்த்த அந்த அரக்குதான் வேண்டுமாம். அப்படி ஒரு அரக்கு எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை. அண்ணன் என் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு சாயக்காரரிடம் நான்கு முறை நடந்து, நூலுக்குச் சாயம் ஏற்றித் தறியில் போட்டுவிட்டிருந்தார்.

நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நாள் முன்பு புடவை மாடிக்கு வந்தது. காலை வெயிலில் விரித்துப் படம் எடுத்தேன். இந்த முறை இருவரும் சரிபார்த்தோம். புடவை, புதுப் படம், பழைய தப்புப் படம், மூன்றும் ஒரே நிறம். வந்தவாசிக்கு அனுப்பிவிட்டு அண்ணன் அடுத்த புடவைக்கட்டை என் முன்னால் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி அவர் கேட்டார்: "இந்தக் கலருக்கு இன்னா பேரும்மா வைக்கலாம்? உன் கேமராதான பெத்துச்சு, நீயே வச்சுடு."

ஆக, அந்தக் கேமரா தன் ஆயுளில் செய்த ஆகச் சிறந்த வேலை, அது கெட்டுப்போயிருந்தபோது செய்ததுதான் என்று ஆரணியில் இரண்டு பேர் நம்புகிறோம், இதை மட்டும் தயவுசெய்து சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடாதீர்கள்.