எதையும் திறக்காத சாவிகள்

பெரிய மேடம் நடந்து வந்தால் முதலில் வருவது சாவிக்கொத்து. மேடம் அதற்குப் பின்னால்தான் வருவார். பள்ளிக்கூடத்தில் அத்தனை பூட்டே கிடையாது. இடித்துத் தள்ளிய சைக்கிள் கொட்டகையின் சாவி, எப்போதோ காயலான் கடைக்குப் போன பீரோவின் சாவி, எந்தப் பூட்டைப் பிரிந்து வாடுகின்றன என்றே தெரியாத சில. நடைக்கூடத்தின் கோடியில் ஜல் ஜல் என்று கேட்டதும் காகித ராக்கெட்டுகள் தரையிறங்கும், மேஜைத் தாளம் நிற்கும், கணக்கு சார் கண் விழிப்பார். மேடம் உள்ளே வரும்போது வகுப்பு போட்டோவுக்கு உட்கார்ந்தது போல இருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் சலங்கை. யாரையும் கையும் களவுமாகப் பிடிக்கத் தெரியாத அப்பாவி என்பது பொதுக் கருத்து.

அந்த வாரத்தோடு அவருக்கு ஓய்வு. அடுத்து அந்த முதல்வர் நாற்காலிக்கு வருபவர் துணை முதல்வர். பட்டப்பெயர் பூனை; ரப்பர் செருப்பு, ஜன்னலில் திடீரென்று முளைக்கும் தலை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஒன்பதாம் வகுப்பு இப்போதே கவலைப்பட ஆரம்பித்திருந்தது.

கடைசி நாள் காலையில் துணை முதல்வர் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். திறந்தது புது வளையத்துக்கு, திறக்காதது பிஸ்கட் டப்பாவுக்கு.

"இதையெல்லாம் ஏன் மேடம் சுமந்தீங்க? கை வலிக்கல?"

"பழக்கம்மா."

பழக்கமாவது ஒன்றாவது. முதல்வரான புதிதில் மேடமும் பூனைதான். ஒருநாள் சத்தமில்லாமல் போய் ஒரு கதவைத் தள்ளினார். புதிதாகச் சேர்ந்த டீச்சர் கரும்பலகையைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார்; முதுகுக்குப் பின்னால் வகுப்பு அவர் குரலிலேயே பேசிச் சிரித்தது. மேடம் போட்ட அதட்டலில் வகுப்பு அடங்கியது. டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வை மட்டும் அடங்கவில்லை. மறுநாள் அவருடைய அக்காதான் வந்தார், பையை எடுத்துப் போக.

"பசங்க சிரிச்சதுக்காக இல்லைங்க. நீங்க பார்த்துட்டீங்கன்னுதான் வரமாட்டேங்கிறா."

அன்றைக்கே மேடம் பழைய சாவிகளைத் தேடத் தொடங்கினார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் வேண்டும்? நடைக்கூடத்தின் நீளம் போதும்.

தனக்குப் பிறகும் அந்த நேரத்தை யாராவது கொடுக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய ஒரே கவலை. துணை முதல்வரிடம் சொல்ல வாரம் முழுக்க வாயெடுத்தார். 'வயசாயிடுச்சு, பாவம்' என்று நினைத்துவிட்டால்? வாய் மூடிக்கொண்டது.

மதியம் இருவரும் கடைசிச் சுற்றுக்குக் கிளம்பினார்கள். மேடம் வெறுங்கை. காயலான் கடைக்குப் போட வேண்டிய டப்பாவைத் துணை முதல்வர் இறுக்கி அணைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பின் வாசலுக்கு வந்ததை ஒரு ஈ காக்கைகூடக் கவனிக்கவில்லை.

உள்ளே ஒரு பெண், தமிழ் ஐயாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஜாமெட்ரி பாக்ஸைக் குலுக்கியபடி நடந்தாள். இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டு, "எல்லாரும் நல்ல பிள்ளைங்கதானே?" என்றாள். அச்சு அசல் சலங்கை. ஐயா மேஜையில் தலை வைத்துச் சிரித்துக் குலுங்கினார்.

"நாளைல இருந்து நான் வரமாட்டேன்" என்றவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. சால்வை நுனி மூக்குக்குப் போயிற்று. சிரிப்பு நின்றது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நனைந்திருந்தது கண்ணாடி இல்லை.

துணை முதல்வரின் கை கதவுக்குப் போனது. மேடம் அதைப் பிடித்தார்.

"வேணாம்மா."

"வகுப்பு நேரத்துல கூத்து நடக்குது மேடம்."

"ஐயா முகத்தைப் பாரு. நாம பார்த்தோம்னு தெரிஞ்சா நாளைக்கு எந்த முகத்தோட வருவாரு?"

துணை முதல்வர் பார்த்தார். பிறகு மேடத்தின் வெறுங்கையைப் பார்த்தார். மேடத்தையும் அழைத்துக்கொண்டு மாடிப்படி வரை நுனிக்காலில் நடந்து போய், டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

நாராசம். உள்ளே பெஞ்சுகள் தடதடத்தன. இருவரும் போய்ச் சேரும்போது வகுப்பு போட்டோவுக்குத் தயார். சால்வை மட்டும் ஐயாவின் தோளில் உள்புறம் வெளியே தெரியக் கிடந்தது.

"நல்ல பிள்ளைங்க" என்றார் மேடம்.

சாயங்காலம் மேடம் வாசல் கேட்டைத் தாண்டும்போது மாடியில் அந்தச் சத்தம் கேட்டது. ஜலக், தடால், ஜலக். தாளமே இல்லை. தகரத்தில் போட்டால் அப்படித்தான். வளையத்தில் கோக்க வேண்டும். சொல்லிவிட்டு வரலாமா என்று திரும்பியவர், பூனை புத்திசாலி, தானே கண்டுபிடிக்கட்டும் என்று நடையைக் கட்டினார்.