டி.சி. கேட்டவரும் டு-லெட் பலகையும்

ஜூலைக் கடைசியில் தேவி என்ற அம்மா டி.சி. கேட்டு வந்தபோது, நான் முதலில் பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். மறைமலைநகரில் நான் தலைமையாசிரியராக இருந்த நடுநிலைப் பள்ளியில் அன்று நூற்றொரு பிள்ளைகள். அதில் இரண்டு அவருடையவை. ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கில் நூறு இல்லையென்றால் கணக்கு டீச்சர் பணியிடம் சர்ப்ளஸ், அதாவது உபரி. அந்த இடத்திலிருந்த, கைக்குழந்தைக்காரரான மலர்விழி டீச்சர் தொலைவிலுள்ள செய்யூர்ப் பக்கம் மாற்றலாகிப் போக வேண்டும்.

"நான் போய்த் திரும்புறதுக்குள்ள எம் பொண்ணு எல்.கே.ஜி. சேர்ந்துடுவா சார்" என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

"ஏம்மா போறீங்க?" என்றேன் தேவியிடம்.

"இன்னா சார் பண்றது? வூட்டு ஓனரு காலி பண்ணச் சொல்ட்டாரு. இங்க வேற வூடு கெடைக்கல. நாவலூர்ல எங்கக்கா கீறா."

"வீடு கிடைச்சா?"

"கெடைச்சா ஏன் சார் போறோம்? புள்ளைங்க அப்பாவுக்குக் கம்பெனி பஸ்ஸு இந்தத் தெருமுனைக்கே வருது."

மூன்று நாள் தவணை கேட்டேன். மாலையில் டு-லெட் பலகை தேடி அலைந்தேன். ஏழாவது வீட்டுக்காரர், பிள்ளைகள் இருந்தால் கிடையாது என்றார். "அப்ப புறாவையா சார் குடிவைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு எட்டாவது பலகைக்கு நடந்தேன். பதினோராவது வீட்டம்மா சம்மதித்தார்.

செய்தி பரவிவிட்டது. திங்கட்கிழமை பள்ளி வாசலில் வீடு கேட்டு எட்டுப் பேர். அட்மிஷனுக்கு அத்தனை பேர் ஒருநாளும் நின்றதில்லை. ஒன்பதாவதாக வந்து நேரே என் அறைக்குள் நுழைந்தவர் வீட்டுப் புரோக்கர் குமார்.

"இன்னா சார், என் பொழப்புல கை வெக்கிற? நான் வந்து உன் கிளாஸ்ல வாய்ப்பாடு சொல்லித் தரட்டா?"

"வாங்க. ஏழாம் வாய்ப்பாடு."

"ஏழாறு..." என்று கூரையைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியிலிருந்து மலர்விழி டீச்சர் "நாற்பத்திரண்டு" என்றார். குமார் உட்கார்ந்தார்.

எட்டுப் பேரையும் அவரிடமே அனுப்புகிறேன் என்றேன். பதிலுக்கு, புதிதாகக் குடிவருபவர்களுக்கு எங்கள் பள்ளியைக் காட்ட வேண்டும். யாராவது காலி செய்வதாக இருந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

"அவ்ளோதானா? கமிஷன்ல பங்கு கேப்பியோன்னு பயந்துட்டேன் நைனா!"

ஆகஸ்ட் முதல் தேதி மூன்று முறை எண்ணினேன். தேவியின் இரண்டும், குமார் அனுப்பிய மூன்றும் சேர்த்து நூற்று நான்கு. மலர்விழி டீச்சர் நான்காம் முறை எண்ணினார்.

இளைய தலைமையாசிரியர்களுக்குச் சொல்கிறேன்: டி.சி. கேட்டு வரும்போதே பிள்ளை பாதி போயாகிவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொன்ன அன்றே தெரிந்துகொள்ள வேண்டும். அது புரோக்கருக்குத் தெரியும். அவர் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நம்பரை அவர் ஊருக்கெல்லாம் தராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வுபெற்ற பிறகும் இந்த வாரம் மட்டும் ஆறு அழைப்புகள். எல்லாரும் டூ பெட்ரூம் கேட்கிறார்கள். ஒருவருக்கும் பள்ளிக்கூட வயதில் பிள்ளை இல்லை.