ஓரக்கண்ணால் பார்ப்பவர்

"தெரியலங்கிற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்ல, டாக்டர்!" என்று கண்ணாடிக்காரர் பிரகடனம் செய்தபோது அவருடைய தலை ஒரு கறுப்புத் துணிக்குள் இருந்தது. துணி அவரையும் தொலைநோக்கியில் கண் வைக்கும் முனையையும் சேர்த்துப் போர்த்தியிருந்தது. கைவிடப்பட்ட கல்குவாரி, அமாவாசை இருட்டு. கூட நின்ற பல் டாக்டருக்கு முதுகு மட்டும் மசமசவென்று தெரிந்தது. ஆனால் அந்த முதுகிலேயே போதுமான பெருமிதம் இருந்தது. "வானத்துல ஒண்ணு இருந்தா, எவ்வளவு மங்கலா இருந்தாலும் இந்தக் கண்ணுகிட்ட மாட்டியே ஆகணும்."

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

பகலில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பின்னறையில் எழுத்துப் பலகை, சுழல் நாற்காலி, சோதனைக் கண்ணாடிகள் அடுக்கிய பெட்டி. நிலா இல்லாத வாரத்தில் அவருடைய கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்கும். கண்ணைக் காட்ட வந்தவர்கள் முதலில் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, உட்காரலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிப்பார்கள். அவர் கொட்டாவியை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, "கடைசி வரியைப் படிங்க" என்பார். முப்பது வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

கடைசி வரியைப் பார்க்காமலே படிப்பவர்களைப் பிடிக்க அவரிடம் ஒரு தந்திரம் உண்டு. "அதுக்குக் கீழ ஒரு சின்னப் புள்ளி இருக்கே, தெரியுதா?" என்று கேட்பார். கீழே புள்ளியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பத்தில் நான்கு பேர், "லேசாத் தெரியுது சார்" என்பார்கள். உடனே அவர் முகத்தில் ஒரு சோகமான திருப்தி படரும். இரவு மனைவியிடம், "ஜனங்களுக்குத் தெரியலன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது" என்று அங்கலாய்ப்பார்.

"இந்த வீட்டுல காஸ் தீந்து நாலு நாளாச்சு. அது உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்பார் மனைவி. "நிலா இல்லாத அன்னைக்குத்தான் இவருக்குக் கண்ணே தெறக்கும்."

அவர் தேடுவது கோளக் கொத்துகளை. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்டு நிற்கும் கூட்டம் அது. சின்னக் கருவியிலேயே சர்க்கரை சிந்தினாற்போல் பளிச்சென்று தெரியும் கொத்துகளை அவர் மதிப்பதில்லை. "அதெல்லாம் தானா வந்து மேல விழுறது" என்பார். அவருக்கு வேண்டியவை, பால்வீதியின் கடைக்கோடியையும் தாண்டி ஆள் அரவமற்ற வெளியில் கிடக்கும், எண் போட்டுப் பட்டியலிட்ட பதினைந்து மங்கல்கள். சிலவற்றின் ஒளி இங்கே வந்து சேர லட்சம் வருடம் பிடிக்கிறது. வந்து சேரும்போது அதற்கும் அவரைப் போலவே அசதியாகத்தான் இருக்கும்.

பார்க்கும் முறை ஒரு விரதத்துக்குச் சமம். அரை மணி நேரம் இருட்டில் சும்மா நின்று கண்ணைப் பழக்க வேண்டும். கைப்பேசி ஆகாது; சிவப்பு விளக்கு மட்டும்தான். பிரகாசமான ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாவிச் சரியான இடத்தை அடைய வேண்டும். அடைந்த பிறகு அதை நேராகப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் வேறெதையோ பார்ப்பது போலப் பாவனை செய்து ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். நேர்ப்பார்வைக்குத் தட்டுப்படாத மங்கல் ஓரப்பார்வைக்குத்தான் அகப்படும். வீதியில் உதை வாங்கித்தரும் செயல் குவாரியில் வித்தையாகிவிடுகிறது. அப்படியும் பிடிபடாவிட்டால் தொலைநோக்கிக் குழாயை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். அசைகிற மங்கல், அசையாத மங்கலைவிடச் சீக்கிரம் கண்ணில் படும்.

இப்படிப் பதினைந்தையும் பார்த்து முடித்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். பட்டியலின் பதினோராம் எண்ணுக்கு மட்டும் அவருடைய நோட்டில் பதினோரு வரி வர்ணனை, ஒரு படம். 'லேசாக, ஆனால் ஐயமின்றித் தெரிந்தது' என்பது முதல் வரி.

அந்தப் பதினொன்றுதான் பல் டாக்டரின் உயிரை வாங்கியது. அவருடைய தொலைநோக்கி கண்ணாடிக்காரருடையதைவிட இரண்டு மடங்கு பெரிது. நோட்டிலிருந்த வழியை அப்படியே நகலெடுத்துக்கொண்டு மூன்று வருடம் தேடினார். ஒன்றும் தெரியவில்லை. நான்கு தடவை கடைக்கு வந்து கண்ணைச் சோதித்துக்கொண்டார்.

"கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல டாக்டர். பாக்குற பக்குவம் வரணும்."

"வித்துடறேன் அண்ணே" என்றார் டாக்டர் நான்காம் தடவை, நாற்காலியிலிருந்து எழாமலே. "விளம்பரம்கூட எழுதிட்டேன். சின்னக் குழாயில நீங்க பாத்தது பெரிய குழாயில எனக்குத் தெரியல. அப்புறம் எனக்கெதுக்கு அது? வாய்க்குள்ள பாத்துக்கிட்டே காலத்தை ஓட்டிடறேன்."

டாக்டர் போன பிறகு கண்ணாடிக்காரருக்கு இரக்கம் வந்தது. பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி வழியை எழுதிக் கொடுக்கலாம் என்று நோட்டையும் பெரிய வரைபடத்தையும் கல்லாமேசையில் விரித்தார். பத்து நிமிடம் கழித்து, போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் புறப்பட்ட நட்சத்திரம், புறப்பட வேண்டிய நட்சத்திரம் இல்லை. அதற்குப் பக்கத்திலிருந்த, அதே பிரகாசமுள்ள வேறொன்று. அதிலிருந்து தாவிய தாவலில் ஒரு பிழையும் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் வரைபடம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. அங்கே எதுவுமே கிடையாது. அந்த எதுவுமில்லாததைத்தான் அவர் பதினோரு வரி வர்ணித்திருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என்னங்க, யாராவது செத்துட்டாங்களா?" என்றார் மனைவி.

"இல்ல. ஒருத்தர் பொறக்கவே இல்லன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அதுக்கா செருப்போட உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போனார்.

கண்ணாடிக்காரர் டாக்டருக்குப் போன் போட்டார். "விளம்பரத்தை நிறுத்துங்க. வர்ற புதன்கிழமை உங்க குழாயோட குவாரிக்கு வாங்க." வேறெதுவும் சொல்ல நாக்கு எழவில்லை. புதன்கிழமை குவாரியிலும், "இந்தத் தடவை இந்த நட்சத்திரத்துலேர்ந்து போய்ப் பாப்போம்" என்றாரே ஒழிய, ஏன் என்று சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துத் துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில்லாமல் பல் கழன்று வந்துவிட்ட நோயாளியின் சத்தம்.

"அண்ணே! இருக்கு! கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி... குழாயைத் தட்டினா கூடவே ஆடுது அண்ணே!" டாக்டர் வெளியே வந்து மூக்கை உறிஞ்சினார். "மூணு வருஷம்! வாங்க, நீங்களும் ஒரு தடவை பாருங்க. நீங்க பாத்ததும் இப்படித்தானே இருந்துது?"

கண்ணாடிக்காரர் துணிக்குள் புகுந்தார். ஓரக்கண்ணால் பார்த்தார். இடது ஓரம், வலது ஓரம். மூச்சை இழுத்துவிட்டுப் பார்த்தார். குழாயைத் தட்டினார். பத்து நிமிடம் ஆயிற்று. நட்சத்திரங்கள் இருந்தன; அவற்றின் நடுவே இருட்டு இருந்தது.

"அதேதானே அண்ணே? நீங்க அன்னைக்குப் பாத்ததுதானே?"

ஒரு 'ம்' போதும். டாக்டரே மீதியைப் பார்த்துக்கொள்வார்.

கண்ணாடிக்காரர் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்து, இல்லை என்று ஆட்டினார். அந்த இருட்டில் அது யாருக்குத் தெரியும்? "என்ன அண்ணே, பதிலே காணோம்?" என்றார் டாக்டர். வேறு வழியில்லாமல் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

"தெரியல, டாக்டர்" என்றார். "அன்னைக்கும்."