டெல்பர்ட் கழற்றிய சிவப்பு அட்டை

ஏரிக்கரை அணு உலையில் பம்ப் மெக்கானிக்காகவே தலை நரைத்தவர் டெல்பர்ட். பழுதுக்காக நிறுத்திய பம்பில் மெக்கானிக் தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவார். அது தொங்கும்வரை பம்பை ஓட்டக்கூடாது; மாட்டிய கைதான் அதைக் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடமாட்டார். அங்கே அது வழக்கம்.

அமெரிக்காவின் அந்த ஒஹாயோ மாநிலத்தில் மின்சாரம் சந்தைச் சரக்கான பிறகு காலம் மாறியது. முன்பு பழுது வேலை முடிந்ததும் உலை கிளம்பும். இப்போதோ உலை கிளம்பும் தேதிக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

அந்த ஜூலையில் வெயில் கொளுத்தியது. வீட்டுக்கு வீடு ஏசி ஓட, மின்சார விலை எகிறியது. ஆபத்துக் காலத்தில் உலையைக் குளிர்விக்க வேண்டிய பம்பில் பேரிங் முனகியது; அந்தப் பம்ப் தயாராக இல்லாமல் உலையை ஓட்டக்கூடாது. புதியது வர ஒரு வாரமாகும். டெல்பர்ட் அட்டையை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளன் கேரி, அவர் மனைவியின் தம்பி, காபியோடு வந்தான்.

"என்ன டெல், பம்புக்குத் தாலாட்டு பாடுறியா?"

"அதுதான் பாடுது. காது கொடுத்துக் கேளு."

"சத்தம் அளவுக்குள்ளதான் இருக்குன்னு எஞ்சினியரே சொல்லிட்டாரு."

"அப்ப அவரையே வந்து அட்டையக் கழட்டச் சொல்லு."

"அட்டையில உன் பேருல்ல இருக்கு! இந்த விலையில ஒரு வாரம் நின்னா, உலையே வேணாம்னு மூடிருவாங்க. உலைக் கம்பெனி கட்டுற வரியிலதான் உன் மக ஜோயல் பாடம் எடுக்குற ஸ்கூலே நடக்குது. ஊரக் காலி பண்ணச் சொல்றியா?"

டெல்பர்ட் காபியைத் தொடவில்லை. எழுந்துபோய் அட்டையைக் கழற்றினார்.

ஒன்றும் ஆகவில்லை. சோதனை ஓட்டங்களில் பம்ப் முனகிக்கொண்டே ஓடியது. புதிய பேரிங் வாங்கவேயில்லை; அடுத்த வருஷம் டெல்பர்ட் மறுபடி கேட்டார்.

"போன வருஷம் நீதானே விட்ட? ஓடுச்சுல்ல?" என்றான் கேரி. பேரிங் வாங்கும் பேச்சே அத்தோடு நின்றது.

அதன்பின் ஆட்குறைப்பில் மூத்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். டெல்பர்ட்டும் போனார்.

ஈஸ்டருக்கு முன் கறி தவிர்க்கும் தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், சர்ச் கூடத்தில் மீன் விருந்து. அவர் இடத்தில் வேலை பார்க்கும் லோர்னா தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பம்பு சத்தம் ஏறிட்டே போகுது. அட்டைய மாட்டலாம்னு பார்த்தேன். டெல்பர்ட்டே அட்டையக் கழட்டிவிட்ட பம்புதானே, உனக்கென்னன்னு சிரிக்கிறாங்க. நிஜமாவே சரின்னு பட்டுத்தான் கழட்டினீங்களா?"

"இல்ல லோர்னா. தப்பு பண்ணிட்டேன். நீ மாட்டு."

"உங்கள மாதிரி ஆளாலேயே முடியல. நான் மாட்டினா எனக்கு வேலை மிஞ்சுமா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த மேசையில் ஜோயல் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு மீனில் முள்ளெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டெல்பர்ட் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.