ரேட்டுக்காரர் மேடையில் சொன்னது

என் அண்ணனைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. அவரைப் போல நேர்மையான ஆள் கிடையாது என்பது ஒன்று. அவரைப் போல அமுக்கமான திருடன் கிடையாது என்பது இன்னொன்று. இரண்டையும் சொன்னது ஒரே ஆட்கள்தான், நடுவில் ஐந்து வருஷம். கூடப் பிறந்த பாவத்துக்கு, நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

அவர் நடத்தியது நாலு பக்க வியாபார வாரப் பத்திரிகை. கவிதை கிடையாது, ஜோசியம் கிடையாது. இரும்பு, தகரம், நூல், சிமெண்ட், காகிதம் என்று சரக்கு விலைகள், அடுத்த மாதம் ஏறுமா இறங்குமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. சைக்கிளில் போய் மூன்று கடையில் விசாரிப்பார். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் நாலாவது கடை. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுவார். ஓட்டை விழுந்த பத்திரிகையை எவன் வாங்குவான் என்று நான் கத்தியிருக்கிறேன். வாங்கினார்கள், அதற்காகவே வாங்கினார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயரே ரேட்டுக்காரர்; ரேட்டுக்காரர் போட்டால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சரக்கு எடுத்தார்கள்.

பிழை திருத்துவது என் வேலை. வியாழக்கிழமை மாலை, அச்சுக்குப் போகும் முன், கடைசிப் பக்கத்தை நான் வாய்விட்டுப் படிக்க அவர் கேட்பார். வரிக்கு ஒரு "ம்". அது வராவிட்டால் அந்த வரியில் ஏதோ தப்பு. இருபது வருஷமாக இதுதான் பழக்கம்.

பிறகு ஒரு கட்சிக்குச் சுத்தமான முகம் ஒன்று தேவைப்பட்டது. வந்து வந்து கெஞ்சினார்கள், மனுஷன் மசிந்துவிட்டார். பாராளுமன்றத்துக்கு ஜெயித்துப் போய், இரண்டே வருஷத்தில் வர்த்தகத் துறையில் துணை அமைச்சர் ஆனார். ரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்தார். பத்திரிகையை என் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அத்தோடு கை கழுவியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். வியாழக்கிழமை தவறாமல் தலைநகரிலிருந்து போன் வரும், சும்மா படி, கேட்கிறேன் என்பார். நான் படிப்பேன். அவர் "ம்" கொட்டுவார். இரண்டு பேருக்கும் புத்தி எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தகர டப்பா செய்யும் பட்டறை. அந்தத் தெருவில் அது போல மொத்தம் பதினொன்று. அந்த வருஷம் தகரம் விலை ஏறிக்கொண்டே போனது. ஆறு மாதச் சரக்கை இப்போதே மொத்தமாக எடுத்துவிடலாமா என்று தெருவே தவித்தது. என் வீட்டுக்காரர் இருந்த சேமிப்பையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் பத்திரிகைக்காகக் காத்திருந்தார். வியாழக்கிழமை போனில் படித்தேன்: தகரம், வரும் மாதமும் ஏறுமுகம். படித்ததோடு நான் விட்டேனா? உன் மாப்பிள்ளையும் மொத்தமாக எடுக்கப் போகிறார் என்று வேறு சொன்னேன்.

கொஞ்சம் தாமதமாக, ஆனாலும் "ம்" வந்தது.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை தெரு முழுக்க லாரி நின்று சரக்கு இறங்கியது. செவ்வாய்க்கிழமை, இனி தகரத்துக்கு இறக்குமதி வரி இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பத்தே நாளில் விலை பாதியாக விழுந்தது. புது விலையில் தகரம் எடுத்து டப்பா செய்தவனோடு எங்கள் தெரு எப்படிப் போட்டி போடும்? ஏழு பட்டறைகள் மூடின. முதலில் மூடியது எங்களுடையது. என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் கூலிக்குத் தகடு வெட்டப் போனார்.

அதையாவது தாங்கியிருப்போம். தெரு அவரை நம்ப மறுத்துவிட்டது. அமைச்சரின் மாப்பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும், சரக்கை வந்த அன்றே யார் தலையிலோ கட்டிவிட்டு இப்போது கூலிக்காரன் வேஷம் போடுகிறான் என்றார்கள். முப்பது வருஷம் கூட உட்கார்ந்து டீ குடித்தவர்கள் அவர் வந்ததும் எழுந்து போனார்கள். மூன்று பேரிடம் வலியப் போய் விளக்கினார், பிறகு வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். பட்டறை திரும்ப வேண்டாம், நான் யாரையும் ஏமாற்றவில்லை என்று இந்தத் தெரு ஒத்துக்கொண்டால் போதும் என்று என்னிடம் மட்டும் சொல்வார். நான் பத்திரிகையை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அதனால் என் மேல் யாருக்கும் கோபமில்லை. இவளையும்தானே ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

அண்ணனிடம் கேட்டேன்.

"தெரிஞ்சேதான் ‘ம்’ சொன்னியா?"

"தெரியும்."

"பேசாமலாவது இருந்திருக்கலாம்ல?"

"பேசாம இருந்தா நீ கண்டுபிடிச்சிருப்ப. அப்புறம் நான் பண்ணின சத்தியத்துக்கு என்ன அர்த்தம்?"

அந்தச் சத்தியத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அடுத்த தேர்தல் வந்தது. எல்லோரும் தடுத்தும் கேட்காமல் அண்ணன் எங்கள் தெரு முனையில் மேடை போட்டார். என் வீட்டுக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார், பக்கத்தில் நான். பேச்சு நடுவில், பட்டறையை மூடிவிட்டு வெல்டர் வேலைக்குப் போன ஒருவர் எழுந்து, வரி போகப் போவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அண்ணன் மைக்கைக் கையில் எடுத்தார்.

"தெரியும். யார்கிட்டயும் சொல்லல. என் தங்கச்சிக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது."

கூட்டம் சிரித்தது. யாருக்குய்யா காது குத்துற என்று ஒருவன் கத்தினான். இருபது வருஷம் அவர் போட்ட ஒவ்வொரு எண்ணையும் நம்பிய கூட்டம் அது.

"சந்தேகமா இருந்தா என் தங்கச்சியக் கேளுங்க. அந்தா நிக்கிறா."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு கெஞ்சலை நான் பார்த்ததே இல்லை. ஆமாம் என்று சொன்னால் இவர் தப்பித்துவிடுவார், கைதட்டல் வாங்கிக்கொண்டு மறுபடி கார் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். இவரும் ஒரு தடவை தவிக்கட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். பார்த்தீங்களா, தங்கச்சியே வாயைத் திறக்கவில்லை என்று ஒரு குரல் கேட்டது. அண்ணனுக்கு டெபாசிட்டும் போனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் வெட்டுக்காயம் விழுந்த கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"உங்க அண்ணன் மேல இருக்கிற கோவத்துலதான் பேசாம நின்னியா?"

ஆமாம் என்றேன்.

"அவரு என்னையும் சேர்த்துத்தானேம்மா சொன்னாரு."

மறுநாள் காலையில், அண்ணன் மேடையில் சொன்னது நிஜம் என்று சொல்ல, மூடிய மற்ற ஆறு பட்டறைக்காரர்கள் வீட்டுக்கும் ஓடினேன். எல்லோரும் உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியாகப் போனது அந்த வெல்டர் வீட்டுக்கு. அவர் வாசல்வரை கூட வந்து, புருஷனுக்காகப் பேசத்தானேம்மா செய்வீங்க என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.