வரப்புக்கு அடியில் போன பவுடர்

பூச்சிமருந்து விற்பவனுக்குப் பூச்சியால் தொல்லை கிடையாது. தொல்லையெல்லாம் இரண்டு காலில்தான் வரும். ஐம்பதுகளில் ராயக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் நின்றவன் நான். கல்லாவுக்குப் பின்னால் நின்று வதைபட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

மூக்குப் பரீட்சை

எங்கள் சரக்கு ஒரு வெள்ளைப் பவுடர். பூஞ்சணம் பிடித்த கோணிபோல நாறும். தக்காளி போடும் திம்மப்பா முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டார். காற்றில்லாத காலையில் இலைமேல் லேசாகத் தூவ வேண்டும் என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் பொட்டலத்தைத் திருப்பி நீட்டினார்.

"நாத்தம் பத்தல சாமி. எனக்கே தும்மல் வரல, புழு எப்படிச் சாகும்?"

வாய்க்கால் வைத்தியம்

எங்கள் பக்கத்தில் எருவை வாய்க்கால் தலைப்பில் கொட்டிவிடுவார்கள். மாடு கட்டி இறைக்கும் தண்ணீர் அதைக் கரைத்துச் செடிக்குச் செடி கொண்டுபோகும். நாற்றம் கூடிய பொட்டலமாகப் பார்த்துக் கடைசியில் வாங்கிப்போன பவுடரையும் திம்மப்பா அப்படியே கொட்டியிருந்தார், அதுவும் கிணற்றை ஒட்டி. வீட்டுக்கும் மாட்டுக்கும் அவருக்கு அந்த ஒரே கிணறு.

களிமண் என்றால் ஓரளவு பிடித்துவைக்கும், இது சரளை, போதாததற்குக் கரையான் துளைகள், ஊற்றுவரை இறங்கிவிடும் என்று மண்ணியல் பேசினேன். அவர் நிதானமாகப் பீடி பற்றவைத்தார்.

"இத்தனை வருசம் எரு கொட்டினேனே, கிணத்துல சாணி மிதந்துச்சா சாமி?"

பசுவின் தீர்ப்பு

ஒரு பெருமழைக்குப் பிறகு அவர் மனைவி லட்சுமக்கா சொம்பில் கிணற்றுத் தண்ணீரோடு கடைக்கு வந்தார். முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, எங்கள் கடை வாசனை.

"பசு மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. வரப்புச் சண்டையில பேச்சே இல்லாத பசப்பா வீட்டுல இனி நான் குடத்தோட நிக்கணும். அதுக்குப் புழுவையே வளர்த்திருக்கலாம்!"

பள்ளத்துக் கிணறு

பசப்பாவின் கிணறு வரப்புக்கு அந்தப்புறம், கொஞ்சம் பள்ளத்தில். லட்சுமக்கா அங்கே குடம் நிரப்ப ஆரம்பித்துச் சில நாள்தான். அந்தத் தண்ணீரும் நாற ஆரம்பித்தது. நான் போனபோது திம்மப்பா பவுடர் ஊறிய வாய்க்கால் தலைப்பு மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். கூடவே கூடை தூக்கிய பசப்பா என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"மேல வரப்பத் தள்ளுனான், தடுத்தேன். இப்ப மண்ணுக்கடியில வந்துட்டான். இதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறதுங்க?"

கிணறுகள் தெளியும்வரை இரண்டு வீட்டாரும் தொலைவிலிருந்த ஒரே ஓடையில் தண்ணீர் மொண்டு, ஒன்றாக என்னைத் திட்டிக்கொண்டே பேச்சுவார்த்தைக்கு வந்துவிட, இலைமேல் ஒரு சிட்டிகையும் விழாததால் புழுக்கள் மட்டும் அந்த வருடம் பரம சௌக்கியமாக இருந்தன.