சுவரில் ஒட்டியிருந்த சாவி

வேன் கம்பெனியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பிரேக்கக்கா. கிண்டலாகத்தான் வைத்தார்கள். சிக்னலில் மஞ்சள் விழுந்தால் போதும், வண்டி நின்றுவிடும். பின்னால் வருகிறவன் ஹாரனைப் போட்டு அலறுவான். "உனக்கு அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாளே தவிர, பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டாள்.

அவள் வேனில் வருகிறவர்கள் எல்லாரும் கிட்னி கெட்டவர்கள். வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்புகிறவர்கள். ஊசி குத்திய கையை மடியில் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினால் உயிர் போய் உயிர் வரும். அதற்குத்தான் அந்த பிரேக். விஷயம் தெரியாதவன் வைத்த பெயரை, வேனில் வருகிறவர்கள் மரியாதையாகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளுக்கு யாரும் உட்கார வைத்து ஓட்டச் சொல்லித் தரவில்லை. புருஷன் செத்த வருஷம் வேன் ஷெட்டில் வண்டி கழுவப் போனாள். கழுவிய வண்டியை நகர்த்த டிரைவர் வருகிறவரை ஈரக் காலோடு காத்துக் கிடக்க வேண்டும். இரண்டு மாசம் பொறுத்தாள். அப்புறம் தானே ஏறி ஷெட்டுக்குள் தள்ளி நிறுத்தப் பழகினாள். முதலில் ரிவர்ஸ், முன்னால் ஓட்டியதெல்லாம் பிறகுதான். லைசென்சுக்கு மூன்று தடவை போனாள். இரண்டு தடவை சிரித்து அனுப்பினார்கள், மூன்றாம் தடவை கொடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. வேன் சாவி எப்போதும் கழுத்துக் கயிற்றில் தொங்கும். சூப்பர்வைசர் கேட்டால்கூடத் தர மாட்டாள். "வண்டிய நகத்தணும்னா என்னக் கூப்புடு" என்பாள்.

புதுசாக எது வந்தாலும் முகம் சுளிக்கிறவளும் இல்லை. பின்பக்கம் காட்டுகிற கேமராவை முதலில் கேட்டு வாங்கியவள் அவள்தான். மேப்பும் பிடிக்கும். ஆனால் போன் மாட்டுகிற ஸ்டாண்டை முன்கண்ணாடிக்கு நட்டநடுவில் சூப்பர்வைசர் ஒட்டியபோது, பிய்த்து அவன் கையிலேயே கொடுத்தாள். "ரோட்டுல வர்றவனப் பாக்கணுமா, போன்ல போற கோட்டப் பாக்கணுமா?" பிறகு காற்று வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் தாழ்வாக மாட்டினாள். போகிற இடத்தைக் கிளம்புமுன்பே போட்டுவிடுவாள். வண்டி உருண்டதும் குரலை மட்டும் கேட்பாள். ஓடுகிற வண்டியில் போனைத் தொடுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவதும் அவளுக்கு ஒன்று.

கம்பெனி கொண்டுவந்த ஆப் வேறு ஜாதி. அடுத்த ட்ரிப் வந்தால் டிங் என்று கத்தும். முப்பது செகண்டுக்குள் 'சரி' என்று அமுக்க வேண்டும், இல்லையென்றால் ஆபீசுக்கு மார்க் குறையும். ஓட்டிக்கொண்டிருக்கிறவள் எந்தக் கையால் அமுக்குவாள் என்று அதைச் செய்த மகராசன் யோசிக்கவில்லை. அவள் ஒரு நாளும் அமுக்கியதில்லை. ஆனாலும் ட்ரிப் எப்படியோ சரியாகிவிடும். மெஷினுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஆப் வந்த முதல் நாளே சூப்பர்வைசர் கேட்டிருந்தான்: "அக்கா, பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு தம்பி? நீயே எதையாவது போட்டுக்கோ."

அவன் வேன் நம்பரையே போட்டான். எல்லா டிரைவருக்கும் அவரவர் வேன் நம்பர். மறந்துவிடக் கூடாதாம், அதையும் ஒரு தாளில் எழுதி ஆபீஸ் கதவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினான். ஏதோ போன் நம்பர் பட்டியல் என்று அவள் ஆறு மாசமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தவள், இந்தச் சாவியை மட்டும் கேட்காமலே ஊருக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. சிவப்பு விளக்கில் வேன் நின்றுகொண்டிருக்கிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு வந்த பைக்காரன் ஒருவன் பின்னால் வந்து மோதி விழுந்தான். அவனுக்கு முட்டியில் சிராய்ப்பு, வேனுக்குப் பின் விளக்கு உடைந்தது. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, அவனே கம்பெனிக்குப் புகார் கொடுத்தான்: டிரைவரம்மா போனை நோண்டிக்கொண்டே சடாரென்று பிரேக் அடித்தாளாம்.

ஆபீசில் ஆப்பைத் திறந்து பார்த்தார்கள். பத்து பதினாலுக்கு அவள் பெயரில் 'சரி' அமுக்கியிருந்தது.

"நான் தொடவே இல்ல தம்பி."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாக்கா?" என்றான் சூப்பர்வைசர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கு வேனில் முன் சீட்டில் இருந்த நோயாளி, ஒரு டெய்லர், அவளுடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகப் போன் போட்டுச் சொன்னார். நோயாளி, அரைத் தூக்கத்தில் இருந்திருப்பார் என்று தள்ளிவிட்டார்கள். ஐம்பது வருஷம் ஊசியில் நூல் கோத்த கண் அது! வெள்ளிக்கிழமை பெரிய மேனேஜர் விசாரணை. குற்றம் உறுதியானால் லைசென்சை முடக்கச் சொல்லி எழுதிப் போடுவார்களாம். அதுவரை அவள் வேலைக்கு வரக் கூடாது, ஆபீசில் இருக்கிற மாற்றுச் சாவியில் வேறொருவன் வேனை ஓட்டுவானாம்.

வீட்டில் அவள் உட்காரவில்லை. துடைத்த தரையையே துடைத்தாள். வியாழக்கிழமை டெய்லர் கூப்பிட்டார்.

"பிரேக்கு, உன் வண்டியில இப்ப ஒருத்தன் வர்றான். வேகத்தடையில பறக்குறான்மா. கைய யாரோ முறுக்கிப் புழியற மாதிரி இருக்கு. எப்ப வருவ?"

அந்த நேரம் பார்த்து அலமாரிக்குள் எறிந்து வைத்திருந்த அவளுடைய இன்னொரு போன், ஆப் இருக்கிற போன், டிங் என்றது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற மகள் அன்றைக்கு வீட்டில் இருந்தாள். எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, நீ இங்கதான நிக்கிற?"

"பின்ன பரலோகத்துலயா?"

"உன் வேன் ட்ரிப்பெல்லாம் இன்னும் உன் பேர்லதான் வருது. இதுல நீ இப்பதான் ஒரு ட்ரிப்புக்குச் சரி சொல்லியிருக்க. நேத்து பதினோரு தடவ சொல்லியிருக்க."

மகள் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"உன் பாஸ்வேர்டு யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியாது" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் சொன்னதன் லட்சணம் உறைத்தது. கதவுக்குப் பின்னால் இருந்த தாள் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த நம்பர்களில் ஒன்றை, தன் வேனின் நம்பர் பலகையில், அவள் தினமும் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் அறை. சூப்பர்வைசர் இடித்து வைத்த புளி மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஏதாவது சொல்றீங்களாம்மா?"

அவள் ஆப் இருக்கிற போனை மேஜைமேல் வைத்தாள். இரண்டு கையையும் அதற்குப் பக்கத்தில், விரலை விரித்து வைத்தாள். "ஒண்ணும் சொல்லல சார். கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருப்போம்."

"எதுக்கு?"

"உங்களுக்குச் சம்பளம் உக்காந்திருக்கத்தான?"

மேனேஜருக்குச் சுருக்கென்றது. சூப்பர்வைசர் எழுந்திருக்கப் பார்த்தான். "நீ எங்க தம்பி போற? உக்காரு." உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். போன் டிங் என்றது. ட்ரிப் வந்திருக்கிறது, சரியா என்று கேட்டது. அவள் விரல் அசையவில்லை. மேனேஜர் போனையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது செகண்டு போனதும் திரை பச்சையானது. சரி சொல்லியாகிவிட்டது.

"இப்ப நான் அமுக்குனேனா சார்?"

கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்ட பக்கத்து அறைக்கு மேனேஜர் எழுந்து போனார், மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். அங்கே கிளார்க்கம்மா கம்ப்யூட்டர் முன்னால், கதவுக்குப் பின்பக்கச் சுவரில் இருந்த தாளைப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். "எப்பவும் பண்றதுதானே சார்? டிரைவருங்க யாரு அமுக்கலையோ அவங்க பேர்ல நான் உள்ள போய் அமுக்கிடுவேன். மார்க் கொறையக் கூடாதுன்னு சூப்பர்வைசர்தான் சொன்னாரு." பிரேக்கக்காவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "அக்கா, உங்க கேசு இதுனாலயா? வண்டி மோதிடுச்சுன்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னாங்க."

பிரேக்கக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும். மூணு நாளா தெரியும். என் சோத்துலயும் மண்ணு, அந்தக் கிட்னிக்காரங்க கையிலயும் வலி. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு கேட்டியே, உன் வாய் என்ன வாடகைக்கு எடுத்த வாயா?"

"அக்கா, நல்லதுக்குத்தான்..."

"யாரு நல்லதுக்கு? ஓட்டும்போது தொடாதவ பேர்ல தொட்டதா எழுதி வச்சிருக்கீங்க ஆறு மாசமா. இன்னைக்கு முட்டியில சிராய்ப்பு. ஒரு உசுரு போயிருந்தா? அதையும் எம்பேர்ல எழுதியிருப்ப." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எம்மேலயும் தப்புதான். நீயே போட்டுக்கோன்னு சொன்ன வாய்ல நெருப்ப வைக்கணும். சாவியக் குடுத்துட்டு வண்டியக் காணோம்னா எவன் நம்புவான்?"

மேனேஜர் சமாதானமாக, "சரிம்மா, விடுங்க, இன்னைக்கே வண்டிய எடுங்க" என்றார்.

"விடறதாவது? எம்மேல தப்பில்லன்னு எழுதிக் குடுங்க. அப்பறம் அந்த மூணு நாள வேலை நாளாப் போடுங்க. அந்த ஆப்புல நான் வேலதான செஞ்சிருக்கேன்?"

எழுதிக் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் மடித்தாள். முப்பது செகண்டு விஷயத்தைத் தலைமை ஆபீசுக்கு எழுதுகிறேன் என்றார். "எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் அது கத்தட்டும், வண்டி நின்னாத்தான் தொடுவேன்" என்றாள்.

கதவுக்குப் பின்னால் இருந்த தாளை அவளே கிழித்தாள். பசை போட்ட மூலைகள் நாலும் சுவரிலேயே தங்கிவிட்டன. அதையும் நகத்தால் சுரண்டினாள். பிறகு கிளார்க்கம்மாவிடம் பாஸ்வேர்டு மாற்றுகிற இடத்தைக் காட்டச் சொல்லி, அவளை அந்தப் பக்கம் திரும்பி நிற்க வைத்தாள். வேன் நம்பர் ஆகாது, பிறந்த தேதி ஆகாது, பெற்ற பிள்ளை பெயரும் ஆகாது, நீளமாக உனக்கு மட்டும் வாயில் வருகிற மாதிரி வை என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். மூன்று நாளாகத் தரை துடைக்கும்போது வாயில் வந்ததெல்லாம் சூப்பர்வைசரைத் திட்டுகிற ஒரே வாக்கியம்தான். அதையே ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். பாதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாசலில் சூப்பர்வைசர் நின்றான். "அக்கா, இவ்ளோ நீளமா வச்சீங்களாமே. மறந்துட்டீங்கன்னா? எங்கிட்ட மட்டுமாவது..."

பிரேக்கக்கா கழுத்துக் கயிற்றில் இருந்த சாவியை இழுத்து எடுத்து வேன் கதவைத் திறந்தாள்.

"நீ பண்ணுனது மறக்கற மாதிரியா இருக்கு?"